ஏர் பியூரிஃபையர் வாங்குமுன் வீட்டுக்குள் எது புகைகிறது என்று பாருங்கள்

நீங்கள் கேட்டது இது: யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம் புது வீட்டுக்குக் குடிபுகுந்து சில மாதம். அம்மாவுக்கு முட்டு வருத்தம் (ஆஸ்துமா) கூடிவிட்டது. வீட்டுக்குள் காற்று சரியில்லையோ என்று சந்தேகம். ஏர் பியூரிஃபையர் வாங்குவதா, அறைக்குள் செடி வைத்தால் போதுமா?

செடியை முதலில் முடித்துவிடுகிறேன், அது சின்ன விஷயம். 1989இல் நாசா செய்த ஒரு பரிசோதனையை வைத்துத்தான் ‘காற்றைச் சுத்தமாக்கும் செடி’ என்று விற்கிறார்கள். அது மூடிய சின்னப் பெட்டிக்குள் செய்த பரிசோதனை. இந்த வகை ஆய்வுகளைச் சேர்த்து 2019இல் கணக்குப் பார்த்தவர்கள், ஒரு கட்டடத்தில் சாதாரணமாக மாறுகிற காற்றுக்கு ஈடுகொடுக்க ஒரு சதுர மீற்றருக்குக் குறைந்தது 10 செடியாவது வேண்டும் என்று சொன்னார்கள். அவ்வளவும் வைத்தால் அம்மாவுக்குக் கட்டில் போட இடமிராது. அழகுக்கு வையுங்கள், அவ்வளவுதான்.

மெஷினைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுங்கள். நான் வைத்தியன் இல்லை. வீடு கட்டும் வேலைகளை மேற்பார்வை பார்ப்பவன். வலிகாமத்தில் நிறையப் பேருடைய குசினிக்குள்ளும் குளியலறைக்குள்ளும் போய்ப் பார்த்திருக்கிறேன். நம் ஊர் வீட்டுக் காற்றைக் கெடுப்பது பெரும்பாலும் நாமே கொளுத்தும் ஏதோ ஒன்றுதான். அதை நிறுத்தாமல் மெஷின் போட்டால் மெஷினின் ஃபில்டர் கறுக்கும், அம்மாவின் இருமல் அப்படியே இருக்கும்.

அடுப்பிலிருந்து தொடங்குவோம். உங்கள் வீட்டிலும் இரண்டு குசினி இருக்கும் என்று நினைக்கிறேன்: ரைல்ஸ் போட்டு, காஸ் வைத்து, விருந்தாளிக்குக் காட்ட உள்ளே ஒன்று, உண்மையில் சோறு வேகிற விறகடுப்போடு பின்பக்கத் தகரக் கொட்டிலில் இன்னொன்று. 2022இல் காஸுக்கு வரிசையில் நின்ற காலத்தில் விறகுக்குத் திரும்பிய பலர் இன்னும் முழுதாகத் திரும்பி வரவில்லை. விறகுப் புகையில் பி.எம். 2.5 என்கிற மிக நுண்ணிய துகள் இருக்கிறது. மயிரிழையைவிடப் பல மடங்கு மெல்லியது, நுரையீரலின் அடிவரை போகும். நாள் சராசரியாக ஒரு கன மீற்றர் காற்றில் 15 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் 2021 வழிகாட்டல். புகைபோக்கி இல்லாத விறகுக் குசினியில் இது எத்தனையோ மடங்கு தாண்டும். சமையல் புகை முதலான வீட்டுக் காற்று மாசால் 2020இல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது அதே அமைப்பின் மதிப்பீடு.

அந்தக் காலத்து வீட்டில் குசினி பிரதான வீட்டோடு ஒட்டாமல் தனியாக நின்றது. ஓலைக் கூரை புகையைத் தானே வெளியே விட்டது. இப்போது அந்தக் கொட்டிலை வீட்டின் பின்கதவோடு ஒட்டிக் கட்டுகிறோம். புகைக்கு நேரே வீட்டுக்குள்தான் வழி. விறகை விட முடியாதென்றால் மாரிக்கு முன்பே விறகை வெட்டிக் காயவைத்து நனையாமல் அடுக்குங்கள், ஈர விறகுதான் அதிகம் புகைக்கும். அனகி அடுப்பு மாதிரி விறகைக் குறைவாகத் தின்னும் மண் அடுப்பு வையுங்கள், கூரைக்கு மேலே போகிற புகைபோக்கி போடுங்கள். அம்மா அடுப்படியில் நிற்கிறவர் என்றால் சோற்றை மின்சாரக் குக்கருக்கு மாற்றுவதே பெரிய வித்தியாசம், ஏனென்றால் அதிக நேரம் எரிவது சோற்றுக்கும் தண்ணீர் கொதிக்க வைப்பதற்கும்தான்.

காஸ் என்றால் புகை இல்லை என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. நீலச் சுவாலையிலும் நைதரசன் ஈரொட்சைட்டு வரும். முட்டுக்காரரின் மூச்சுக்குழாயை அது கிளறிவிடும். சுவாலை மஞ்சளாக எரிந்து சட்டியின் அடி கரிபிடிக்கிறதென்றால் பர்னர் அடைத்திருக்கிறது, கழற்றிக் கழுவுங்கள். அப்புறம் எக்ஸோஸ்ற் ஃபான். இதில்தான் மேசன்மாரும் வீட்டுக்காரரும் சேர்ந்து கோட்டைவிடுகிறார்கள். ஃபானுக்குப் பக்கத்திலேயே ஜன்னலைத் திறந்து வைத்தால் அது அந்த ஜன்னல் காற்றைத்தான் இழுத்து வெளியே விடும், அடுப்புப் புகை அடுப்படியிலேயே நிற்கும். எல்லாவற்றையும் பூட்டி வைத்தாலும் இழுக்கக் காற்று இராது. ஃபான் அடுப்புக்கு மேலே உயரத்தில், காற்று உள்ளே வரும் வழி எதிர்ப்பக்கத்தில், கீழே: இப்படி இருந்தால்தான் வேலை செய்யும். அடுப்புக்கு மேலே மாட்டும் அழகான ஹூட்களில் குழாய் வெளியே போகாமல், கரி ஃபில்டரால் வடித்துத் திரும்ப உள்ளேயே விடுகிற வகை ஒன்று உண்டு. அது மணத்தைக் குறைக்கும், வாயுவை வெளியேற்றாது. குழாய் சுவரைத் துளைத்து வெளியே போகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஒரு சின்ன விலகல். நம் ஊரில் சோழகம் தென்மேற்கிலிருந்தும் வாடை வடகிழக்கிலிருந்தும் அடிக்கும். தென்கிழக்கு அக்கினி மூலையில் குசினி இருந்தால் சோழகத்தில் புகை கிழக்குச் சுவரால் வெளியேறும், வாடையில் தெற்குச் சுவரால். இரண்டு பருவத்திலும் வீட்டுக்குள் வராது. சாத்திரம் சொல்கிற காரணம் எதுவாக இருந்தாலும், இந்த விஷயத்தில் நான் சாத்திரக்காரர் பக்கம். ஆனால் அந்த இரு சுவர்களிலும் ஜன்னல் இருக்க வேண்டும். பான்ட்ரி அலுமாரிக்காக ஜன்னலை அடைத்துவிட்டு மூலையை மட்டும் காப்பாற்றிப் பயனில்லை.

தூள் வறுக்கிற நாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செத்தல் மிளகாயும் மல்லியும் வறுபடும்போது அயல் வீடே தும்மும். இது வெறும் நெடி இல்லை. மிளகாயின் காரச் சத்து ஆவியோடும் துகளோடும் காற்றில் ஏறி மூச்சுக்குழாயைச் சுருங்க வைக்கிறது. முட்டுக்காரர் இருக்கும் வீட்டில் அன்று முற்றத்தில் அடுப்பு மூட்டி வறுங்கள், அல்லது மில்லில் கொடுத்து வறுத்துத் திரித்து வாங்குங்கள். வீட்டுத் தூளின் ருசி வராது என்று அம்மாவே சண்டைக்கு வருவார், தெரியும். அப்படியென்றால் முற்றம்தான், அதுவும் அம்மா இல்லாமல்.

இனி நுளம்புத்திரி. என் பார்வையில் நம் வீடுகளின் மோசமான பழக்கம் இதுதான், விறகைவிட மோசம் என்றுகூடச் சொல்வேன். விறகு பகலில் குசினியில் எரிகிறது, திரியோ இரவு முழுக்க, பூட்டிய அறைக்குள், மூக்குக்குப் பக்கத்தில் எரிகிறது. 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஒரு திரி எரிந்து முடியும்போது விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரை புகைத்ததற்குச் சமம் என்று அளந்தார்கள். கவனியுங்கள், திரியில் சேர்க்கும் நுளம்பு மருந்து விஷம் என்பதல்ல இங்கே பேச்சு. மருந்து திரியில் மிகக் கொஞ்சம். மீதி மரத்தூள், சிரட்டைத்தூள், பசை. புகைவது அதுதான். ‘மணமில்லாத திரி’ என்றாலும் கதை ஒன்றே.

டெங்கு இருக்கிற ஊரில் திரி வேண்டாம் என்று சும்மா சொல்லிவிட முடியாது. ஆனால் டெங்கு நுளம்பு கடிப்பது பெரும்பாலும் பகலில், காலையிலும் பொழுதுபடுமுன்னும். இரவில் கொளுத்தும் திரி அதற்கு மருந்தே இல்லை. இரவு நுளம்புக்கு வலை கட்டுங்கள். ஜன்னலுக்கு வலைச் சட்டம் அடித்தால் நுளம்பும் வராது, ஜன்னலைத் திறந்தும் வைக்கலாம். ஒரு பியூரிஃபையரின் காசுக்குப் பல ஜன்னல்களுக்கு வலை அடிக்கலாம் என்பது என் தொழில் கணக்கு. மின்விசிறியை வேகமாக விட்டாலும் நுளம்பு கிட்ட வரத் திணறும். பகல் நுளம்புக்கு, மழை முடிந்ததும் சிரட்டை, ரயர், பூச்சாடித் தட்டு, பீலித் தண்ணீர் எல்லாவற்றையும் கவிழ்த்து ஊற்றுவதுதான் வேலை.

சாம்பிராணியும் ஊதுபத்தியும் புகைதான். சாமிக்கு என்பதற்காகத் துகள் சின்னதாகிவிடாது. கும்பிடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. சாமியறைக் கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்து ஒரு குச்சி போதும், அம்மா படுக்கும் அறைக்குள் வெள்ளிக்கிழமைத் தூபம் காட்ட வேண்டாம். தலை முழுகிய பிள்ளைக்குச் சாம்பிராணி பிடிப்பதை மட்டும் நான் கண்டிப்பாக எதிர்ப்பேன். பச்சைக் குழந்தையின் நுரையீரலுக்கு அது தேவையே இல்லை, துவாயால் துடைத்தால் தலை காயும்.

அயல் வீட்டுக் குப்பைப் புகையும் உங்கள் வீட்டுக்குள்தான் வந்து சேரும். விடியற்காலையில் தரையோடு குளிர்ந்த காற்று கிடப்பதால் அந்த நேரத்துப் புகை மேலே எழும்பாது, வேலிக்கு வேலி தவழும். சருகோடு ஷொப்பிங் பையும் பழைய குழாய்த் துண்டும் எரிந்தால் டயொக்சின் போன்ற நஞ்சும் வரும். சருகைக் கிடங்கு வெட்டித் தாழ்த்துங்கள், வாழைக்கு நல்ல பசளை. அயலவரிடம் அம்மாவின் வருத்தத்தைச் சொல்லிக் கேளுங்கள்; சட்டம் பேசினால் வீம்புக்குக் கொளுத்துவார்கள்.

புது வீடு என்றீர்கள். குடிபூரலுக்கு நாள் குறித்தாயிற்று என்று பெயின்ற் காயுமுன்னே பால் காய்ச்சுகிற ஆட்கள் நாம். எனாமல் பெயின்ற், வார்னிஷ், தின்னர் மணம் சில வாரத்தில் அடங்கும். பான்ட்ரி அலுமாரி செய்த எம்.டி.எஃப் பலகை, அதாவது மரநாரைப் பசை போட்டு அழுத்திச் செய்த பலகை, அப்படியில்லை. அதன் பசையிலிருந்து போமல்டிகைட்டு என்கிற எரிச்சலூட்டும் வாயு மாதக்கணக்கில் கசியும், வெக்கையிலும் ஈரத்திலும் கூடுதலாக. கண் எரிவு, தொண்டை அரிப்பு வீட்டுக்குள் இருக்கும்போது மட்டும் வந்தால் இதைச் சந்தேகியுங்கள். அலுமாரிக் கதவுகளைத் திறந்து போட்டு, பகலெல்லாம் ஜன்னலைத் திறந்து விடுங்கள். பலகையின் வெட்டு விளிம்பு மூடாமல் இருந்தால் பட்டி ஒட்டி மூடச் சொல்லுங்கள். உடுப்பு அலுமாரியில் பூச்சி உருண்டை போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், அந்த மணமே நஞ்சு. சில குழந்தைகளுக்கு அது இரத்தத்தையே உடைக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் சுவரில் பூஞ்சணம் பிடித்ததா? பிளாற் கூரை ஒழுக்கை அடைக்காமல் பூஞ்சணத்துக்கு மேல் பெயின்ற் அடிப்பது வீண்செலவு. ஒழுக்கை முதலில் பார்த்து, பிறகு சுவரைக் கழுவிக் காயவிட்டு அடியுங்கள். வெளிச்சுவரோடு அலுமாரியை ஒட்டி வைக்காமல் ஒரு சாண் விடுங்கள். மெத்தையையும் தலையணையையும் வெயிலில் போடுங்கள், தூசிப்பூச்சிக்கு வறட்சி ஆகாது.

கழிவறைக்கு அமிலம் ஊற்றும் நாளில் குளோரின் தூளையோ புளீச்சையோ சேர்க்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு, முட்டுக்காரருக்கு அது ஆஸ்பத்திரி.

கரன்ட் போகும் இரவுகளில் ஜெனரேற்றரை விறாந்தையில் வைப்பவர்கள் உண்டு. செய்யவே கூடாது. அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது குருதியோடு ஒட்டும். நித்திரையிலேயே ஆள் போய்விடும். ஜன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீற்றர் தள்ளி, வெட்டவெளியில் வையுங்கள். கரிச்சட்டியைப் பூட்டிய அறைக்குள் வைப்பதும் இதே ஆபத்துத்தான்.

கூரை அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் பதற வேண்டாம், உடையாமல் கிடக்கும்வரை நார் பெரிதாகப் பறக்காது. வெட்டுவதும், துளைப்பதும், கம்பித் தூரிகையால் பாசி உரசுவதும்தான் ஆபத்து. கழற்ற வேண்டி வந்தால் தண்ணீர் அடித்து நனைத்து, முழுச் சீற்றாக இறக்கச் சொல்லுங்கள். 2018இலிருந்து அஸ்பெஸ்டஸைத் தடைசெய்ய அரசு எடுத்த முடிவு, இலங்கைத் தேயிலையில் வண்டு கண்டதாக 2017 டிசம்பரில் ரஷ்யா இறக்குமதியை நிறுத்தியதும் தள்ளிப்போனது. ரஷ்யா அஸ்பெஸ்டஸ் விற்கிற நாடு. அதனால் கடையில் இன்னும் கிடைக்கிறது, நீங்கள் வாங்காமல் இருந்தால் சரி.

இவ்வளவும் பார்த்த பிறகு மெஷின். அதற்கும் இடம் உண்டு: 2022 டிசம்பரில் இந்தியப் பக்கமிருந்து வந்த புகைமூட்டத்தால் பாடசாலைகளையே ஒருநாள் மூடினார்களே, அப்படியான நாட்களில் ஜன்னல் திறப்பது உதவாது. அப்போது அம்மாவின் அறையைச் சாத்தி மெஷினை ஓடவிடலாம். ஹெபா ஃபில்டர் உள்ளதாகப் பாருங்கள். ‘ஓசோன்’, ‘அயன்’ என்று பெருமையாகப் போட்டிருந்தால் விட்டுவிடுங்கள், ஓசோனே நுரையீரலுக்குக் கெடுதி. அறையின் அளவுக்குப் போதுமா, மாற்று ஃபில்டர் யாழ்ப்பாணத்தில் கிடைக்குமா, அதன் விலை என்ன என்று கடையிலேயே கேளுங்கள். ஹெபா துகளைப் பிடிக்கும், போமல்டிகைட்டு போன்ற வாயுவைப் பிடிக்காது. ஏசி இருப்பதால் காற்று சுத்தம் என்றும் நினைக்க வேண்டாம். வீடுகளில் பூட்டும் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையேதான் சுற்றிச் சுற்றிக் குளிராக்கும்.

அம்மா இழுக்கும் மருந்துப் பம்பை (இன்ஹேலரை) இதை நம்பி நிறுத்திவிடாதீர்கள். அடுத்த கிளினிக்கில், முட்டு எந்த நேரத்தில், எந்த அறையில் கூடுகிறது என்று இரண்டு வாரம் எழுதிவைத்த கொப்பியோடு போங்கள். தூள் வறுத்த நாள், திரி கொளுத்திய இரவு, பக்கத்து வீட்டுக் குப்பை எல்லாவற்றையும் அதில் குறியுங்கள். எது முதலில் போக வேண்டும் என்று வைத்தியருக்கும் உங்களுக்கும் அதிலேயே தெரிந்துவிடும்.