ராணி எறும்புதான் மற்ற எறும்புகளுக்கு வேலை சொல்கிறதா?

இல்லை. ராணியின் வேலை முட்டையிடுவது. யாருக்கு என்ன வேலை என்று பிரித்துக் கொடுக்கும் மேஸ்திரி எறும்புக் கூட்டத்தில் யாருமே கிடையாது.

மாமரத்தில் இலைகளை ஒட்டிக் கூடு கட்டும் முசுறு எறும்பைப் பாருங்கள். உணவைக் கண்ட எறும்பு திரும்பி வரும்போது வயிற்றின் நுனியால் வாசனைக் கோடு இழுத்துக்கொண்டே வரும். எதிர்ப்படும் எறும்பின் உணர்கொம்புகளைத் தன் உணர்கொம்புகளால் தட்டும், தலையை ஆட்டும், கொண்டுவந்ததைக் கொஞ்சம் ருசி காட்டும். எதிரியைக் கண்டு வந்திருந்தால் சைகையே வேறு: உடம்பை முன்னும் பின்னும் வெடுக்கென்று உலுக்கும். வாசனையும் தொடுகையும் சேர்ந்துதான் இவற்றின் பேச்சு. 1978-இல் எறும்பு ஆய்வாளர்கள் ஹோல்டோப்ளரும் வில்சனும் ஆப்பிரிக்க முசுறுகளிடம் ஆள் திரட்டும் முறைகள் மட்டுமே ஐந்து இருப்பதை விவரித்தார்கள்.

சரி, வேலைப் பிரிவு? பெரிய வேலைக்காரிகள் இரை தேடும், கூடு கட்டும், சண்டை போடும். சின்னவை உள்ளேயே இருந்து குஞ்சுகளைப் பார்த்துக்கொள்ளும். கூடு கட்டுவதுதான் எனக்கு மிகவும் பிடித்த காட்சி. ஒன்றின் இடுப்பை இன்னொன்று கவ்விச் சங்கிலியாகி இலைகளை இழுத்துப் பிடிக்கும். அப்புறம் வேறு சில, தங்கள் குஞ்சுகளான புழுக்களை வாயில் தூக்கி வந்து, அவை விடும் பட்டு நூலால் இரு விளிம்புகளையும் ஒட்டும், தறியில் நாடா ஓடுவது போல. அந்தப் பட்டு, புழு தன்னைச் சுற்றி உறை பின்னிக்கொள்ள வைத்திருக்க வேண்டியது, வீட்டுக்கே கொடுத்துவிடுகிறது!

வயதும் ஒரு கணக்கு. முதிய முசுறுகள் எல்லையோரக் கூடுகளில் காவலுக்குப் போய்விடும். எதிரி வந்தால் முதலில் பாய்பவை அந்தக் கிழவிகள்தான்.