நீரிழிவில் என்ன இழிவு? – கேள்வி பதில்

மயிலாப்பூர் வாசகி: டாக்டர், ஒரு நோய்க்குப் போய் ‘இழிவு’ என்று பெயர் வைத்திருக்கிறார்களே, மாற்றக் கூடாதா?

இது அந்த இழிவு இல்லை அம்மா. இழிதல் என்றால் இறங்குதல், கீழே பாய்தல். பழமுதிர்சோலை அருவியைத் திருமுருகாற்றுப்படை ‘இழுமென இழிதரும் அருவி’ என்றுதான் பாடுகிறது. ரத்தத்தில் குளுக்கோஸ் சுமார் 180ஐத் தாண்டினால் சிறுநீரகத்தால் முழுதையும் மீட்க முடியாது. வெளியேறும் குளுக்கோஸ் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து போகிறார்கள். நீர் இழிகிறது, நீரிழிவு. டயாபெடிஸ் என்ற கிரேக்கச் சொல்லும் ‘ஊடே கடந்து போவது’தான். இந்த நோயின் முழுப் பெயர் டயாபெடிஸ் மெலிட்டஸ்; மெலிட்டஸ் என்றால் தேனின் இனிப்பு. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கண்ட நம் பழைய வைத்தியர்கள் மதுமேகம், அதாவது தேன் போன்ற சிறுநீர், என்றார்கள். ரத்தத்திலும் அந்த இனிப்பு உண்டு என்று 1776இல் காட்டியவர் இங்கிலாந்தின் மேத்யூ டாப்சன்.

பெரம்பூர்: வெல்லம், கருப்பட்டி சேர்த்துக்கொள்ளலாமா?

அவையும் சர்க்கரைதான். வேண்டாம். அதை நம்பி மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தாம்பரம்: நாட்டுச் சர்க்கரை?

பெரம்பூருக்குச் சொன்னதுதான்.

வண்ணாரப்பேட்டை: அப்பாவுக்கு ‘டயாபெடிஸ் இன்சிபிடஸ்’ என்று எழுதியிருக்கிறார்கள். சுகர் நார்மல். ரிப்போர்ட் தப்பா சார்?

தப்பில்லை. இன்சிபிடஸ் என்றால் சுவையற்றது. சர்க்கரைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வாசோபிரெசின் என்ற ஹார்மோன் குறைந்தாலோ, சிறுநீரகம் அதற்குக் கட்டுப்படாவிட்டாலோ லிட்டர் கணக்கில் நீர் போகும். பெயரில் டயாபெடிஸ் இருப்பதால் சுகர் என்று நினைத்து, தேவையான மருந்தைக் கொடுக்காமல் விட்டு உயிர்கள் போயிருக்கின்றன. அதனால் 2022இல் சர்வதேச மருத்துவர் குழு ஒன்று, ‘வாசோபிரெசின் குறைபாடு’ என்பதுபோல் காரணத்தைச் சொல்லும் புதுப் பெயர்களை முன்வைத்தது. அப்பாவுக்கு அந்த ஹார்மோனுக்கு மாற்றான டெஸ்மோபிரெசின் மருந்தைக் கொடுத்திருந்தால், எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் முதலில் அந்த மருந்தைக் காட்டுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வேளச்சேரி: மயிலாப்பூர் அம்மா சொன்னது நியாயம். இன்று இழிவு என்றால் அவமானம்தான். ‘சர்க்கரை நோய்’ போதுமே?

போதாது. அந்தப் பெயரைக் கேட்டுத்தான், காபியில் சர்க்கரையை விட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். சர்க்கரை இல்லாத காபியைக் குடித்துவிட்டு மதியம் தட்டு நிறையச் சாதம், மேலே இன்னொரு கரண்டி. சாதமும் குடலில் குளுக்கோஸாகத்தான் மாறுகிறது. இந்த நோய் பாதிக்கும் கண்ணையும் காலையும் யாரும் பரிசோதிப்பதில்லை. நீரிழிவு என்ற பெயராவது உடம்பு காட்டும் அறிகுறியைச் சொல்கிறது. அவமானம் என்று தோன்றினால் அர்த்தத்தைச் சொல்லிக்கொடுப்போம், நல்ல சொல்லைத் தூக்கி எறிய வேண்டாம்.

குரோம்பேட்டை: தேன் சாப்பிடலாமா?

பெரம்பூர் பதிலைப் படியுங்கள். மாத்திரையையும் விடாதீர்கள்.