இணைய மன்றத்தின் மென்பொருளை மாற்றினால் உறுப்பினர்களின் கடவுச்சொல் என்னாகும்?

பிஎச்பிபிபி என்ற மன்ற மென்பொருளிலிருந்து டிஸ்கோர்ஸ் என்ற இன்னொன்றுக்குப் போகும்போது பதிவுகளோடு கடவுச்சொற்களும் வந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியே வராது. தரவுத்தளத்தில் இருப்பது கடவுச்சொல் அல்ல, அதன் ஹாஷ், அதாவது கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்டு எடுத்த எழுத்து வரிசை. அதிலிருந்து மூலச் சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. டிஸ்கோர்ஸ் ஹாஷ் செய்யும் முறையும் வேறு.

வழி இரண்டு. எல்லோரையும் மின்னஞ்சல் மூலம் புதிய கடவுச்சொல் வைக்கச் சொல்லலாம். அல்லது பழைய ஹாஷையும் கொண்டுவந்து, ஒருவர் முதல்முறை நுழையும்போது அதோடு ஒப்பிட்டு, சரியென்றால் அந்தக் கணத்திலேயே புதிய முறையில் ஹாஷ் செய்து சேமிக்கும் செருகுநிரலை (மென்பொருளோடு சேர்க்கும் சிறு நிரல்) போடலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். பத்து வருடத்துக்கு முன் சேர்ந்தவரின் மின்னஞ்சல் முகவரி இன்றும் உயிரோடு இருக்கும் என்று யார் சொன்னது? எதற்கும் மாற்றத்துக்கு ஒரு மாதம் முன்பே முகவரியைச் சரிபார்க்கச் சொல்லி அறிவிப்புப் போட்டுவிடுங்கள்.

அப்புறம் சுட்டிகள் (லிங்குகள்). பழைய இழை (ஒரு தலைப்பில் நடந்த உரையாடல்) ஒவ்வொன்றையும் அதன் புதிய முகவரிக்கு 301 வழிமாற்றம், அதாவது நிரந்தர வழிமாற்றம், செய்யுங்கள், எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பாதீர்கள். கூகுளில் தேடி வருபவர் முகப்பில் நின்று விழிப்பார்.

முதலில் ஒரு நகலில் ஓட்டிப் பாருங்கள். மேற்கோளுக்குள் மேற்கோள் உள்ள பதிவு ஒன்றைத் திறந்தால் போதும், பழைய மன்றத்தின் வடிவமைப்புக் குறியீடான பிபிகோடு, டிஸ்கோர்ஸ் பயன்படுத்தும் மார்க்டவுனாக ஒழுங்காக மாறியதா என்று தெரிந்துவிடும்.