பணப் பை: கேள்வி – பதில்

கேள்வி: கிரெடிட் கார்டுக்கு மாதம் தவறாமல் குறைந்தபட்சத் தொகை கட்டுகிறேன். பாக்கி ஏன் குறையவே மாட்டேன் என்கிறது?

பதில்: பாக்கி 50,000, மாத வட்டி 3 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி மட்டுமே 1,500. குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம், அதாவது 2,500 கட்டினால் அசலில் கழிவது வெறும் 1,000. இன்னொரு சங்கதியும் உண்டு, பலர் கவனிப்பதில்லை: பழைய பாக்கி நிற்கும்வரை, புதிதாக வாங்கும் பொருளுக்குப் பொதுவாக வட்டியில்லா நாட்கள் கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். முதலில் அந்த கார்டைத் தேய்ப்பதை நிறுத்துங்கள். குறைந்த வட்டியில் தனிநபர் கடன் கிடைத்தால் வாங்கி, கார்டு பாக்கியை ஒரேயடியாக அடைத்துவிடுங்கள். அந்தக் கடனைத் தருவதற்கு வங்கி பிடிக்கும் செயல்பாட்டுக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட மறக்காதீர்கள். பிறகு, வங்கிக் கணக்கிலிருந்து கார்டு பில்லைத் தானாகக் கட்டும் 'ஆட்டோ பே'யில் 'மொத்தத் தொகை' என்று மாற்றுங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான்: 'குறைந்தபட்சம்' என்று டிக் செய்துவிட்டு மறந்திருப்போம்.

கேள்வி: சம்பளம் வரும் அன்றே கடன் தவணை. கணக்கில் பணமில்லை என்று திரும்பிவிடுகிறதே?

பதில்: தவணையைக் காலையிலேயே எடுக்க முயல்வார்கள், சம்பளம் மாலையில் வரலாம். தவணைத் தேதியை மூன்று நாள் தள்ளிவைக்கச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுங்கள். அதுவரை ஒரு தவணைப் பணத்தைக் கணக்கில் தொடாமல் வையுங்கள்.