கைவலை தொடும் முன்பே கணவாய் விலகுவது ஏன்?

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஃபைபர் படகில் தூண்டில் தொழில் செய்கிறேன். விடியும் முன் இருட்டில் ஊசிக்கணவாய் தூண்டிலைத் தொடர்ந்து படகருகே வருகிறது. கைவலையை நீட்டினால், வலை படுவதற்குள் பாய்ந்து போய்விடுகிறது. பெட்டியில் போட்ட பிறகும் விரல் பட்ட இடம் கறுக்கிறது. அதன் தோலிலும் கண் இருக்கிறதா? வலையை எப்படிப் பிடிப்பது?

பதில்: தோலில் கண் இல்லை, ஆனால் நீரின் அசைவை உணரும் உறுப்பு இருக்கிறது. ஊசிக்கணவாய் (ஸ்க்விட்), ஓட்டுக்கணவாய் (கட்டில்ஃபிஷ்) இரண்டிலும் தலையின் மீதும் கைகளின் மீதும் நீளவாக்கில் மெல்லிய கோடுகள் ஓடுகின்றன. அக்கோடுகளில் வரிசையாக அமைந்த செல்கள் ஒவ்வொன்றிலிருந்தும் நுண்ணிய இழைகள் நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். நீர் சற்றே நகர்ந்தாலும் இழை வளைகிறது. அச்செய்தி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. மீன்களின் விலாவில் காணும் பக்கக்கோடு செய்யும் வேலையும் இதுவே. மீனோடு நெருங்கிய உறவில்லாத, நத்தை, சிப்பி இனங்களோடு உறவுள்ள ஒரு உயிர், அதே வேலைக்கான உறுப்பைத் தன் வழியில் தனியாகப் பெற்றிருப்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அதன் நுட்பத்தை 1988இல் அளந்து வெளியிட்டார்கள். ஐரோப்பியக் கடல்களில் வாழும் ஓட்டுக்கணவாயின் இக்கோடுகள் 0.06 மைக்ரோமீட்டர் அளவுக்கு நீர் அசைந்தாலே உணர்ந்தன. நம் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு அது. நீங்கள் கைவலையை வேகமாக வீசும்போது, வளையமும் நூலும் தமக்கு முன்னால் நீரைத் தள்ளிக்கொண்டு போகின்றன. வலை போய்ச் சேர்வதற்கு முன் அந்த நீர் போய்ச் சேர்ந்துவிடுகிறது. வலைக்கண் நெருக்கமாக இருந்தால் தள்ளப்படும் நீரும் கூடும். அட்லாண்டிக் கரையோரச் சிறு ஊசிக்கணவாய் ஒன்றில் இந்தச் செல்களை மருந்தால் செயலிழக்கச் செய்து, இரைதேடும் மீன்களோடு விட்டுப் பார்த்த ஆய்வு 2014இல் வெளியானது. கோடுகள் பழுதற்ற கணவாய்களே வெளிச்சத்திலும் இருளிலும் அதிகமாகத் தப்பின.

ஆகவே வலையை வீசாதீர்கள் என்பதே என் ஆலோசனை. கணவாய் மிரளும்போது உடலுக்குள் இழுத்த நீரைக் குழல் வழியாக முன்னால் பீய்ச்சி, வால்முனை முந்தப் பின்னோக்கிப் பாயும். அதனால், அது படகருகே வருவதற்கு முன்பே வலையை நீருக்குள் இறக்கி அசையாமல் வைத்திருங்கள். தூண்டில் நூலை மெல்ல இழுத்து, கணவாயின் வால் வலையின் வாயை நோக்கியிருக்குமாறு கொண்டுவாருங்கள். மிரண்டு பாய்ந்தால் அது தானாகவே வலைக்குள் போகும். படகின் பலகையில் துடுப்பை இடிப்பதையும் அந்த நேரத்தில் இஞ்சினை ஓடவிடுவதையும் தவிர்ப்பது நல்லது. தாழ்ந்த அதிர்வுகளைத் தலைக்குள் இருக்கும் சமநிலை உறுப்பாலும் அது உணர்கிறது.

ஒளி பற்றிக் கேட்டதிலும் பொருள் உண்டு. கண்ணில் ஒளியை வாங்கும் புரதங்களைச் சேர்ந்தவை கணவாய்த் தோலிலும் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கலிபோர்னியாவின் பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) ஒன்றின் தோலை உடலிலிருந்து பிரித்து ஒளி காட்டியபோது, நிறப்பைகள் (தோலில் நிறம் அடங்கிய நுண்பைகள்) தாமாகவே விரிந்ததாக 2015இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆயினும் தோலில் உருவம் விழுவதில்லை. உங்கள் வலையை அது தோலால் பார்க்கவில்லை.

விரல் பட்டுக் கறுப்பது வேறு காரணத்தால். ஒவ்வொரு நிறப்பையையும் சுற்றிக் கதிர்போல நுண்தசைகள் இருக்கின்றன; அவை இழுத்தால் பை விரிந்து நிறம் பரவும், தளர்ந்தால் சுருங்கும். உயிர் போன பிறகும் அத்தசைகள் சிறிது நேரம் இயங்குவதால், தொட்ட இடம் கறுக்கிறது. அது பிடித்து அதிக நேரம் ஆகவில்லை என்பதற்கு அடையாளம். ஐஸில் வைத்த கணவாயில் அது தெரியாவிட்டால் கெட்டுவிட்டது என்று பொருளல்ல.

காயத்தை உணரும் நரம்புகளும் இத்தோலில் உண்டு. உடலோரத் துடுப்பு நசுங்கிய ஊசிக்கணவாயில், உடலின் வேறு பகுதியைத் தொட்டாலும் அந்த நரம்புகள் கூடுதலாகத் தூண்டப்படுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே பெட்டியில் துடிக்கவிடாமல், இரு கண்களுக்கும் நடுவே கூரிய கத்திமுனையை இறக்கி மூளையை உடனே அழித்துவிடுங்கள். நிறப்பைகளுக்கு மூளையிலிருந்து வரும் கட்டளை அறுந்ததும் தோல் சட்டென்று வெளுக்கும். சரியான இடத்தில் குத்தினீர்களா என்பதை அந்த வெளுப்பைக் கொண்டே அறியலாம்.