மாரியில் கார் நின்றுவிட்டால்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஐப்பசி பிறந்தால் எனக்கு வரும் கேள்விகளும் மாறிவிடும். கோடையில் 'ஏசி குளிருதில்லை' என்று எழுதியவர்கள் இப்போது 'தண்ணிக்குள்ளை நிண்டிட்டுது' என்று எழுதுகிறார்கள். உடனே பதில் தேவைப்படுபவற்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஒழுங்கையில் வெள்ளம் நின்றது. முன்னால் போன லொறி தாண்டிவிட்டதே என்று நானும் காரை விட்டேன். நடுவில் எஞ்சின் நின்றுவிட்டது. நாலைந்து தரம் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். இப்போது 'டக்' என்ற சத்தத்தோடு இறுகி நிற்கிறது. என்ன நடந்திருக்கும்? (அரியாலை)

ஐயா, சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கிறது. பிஸ்டன் மேலே வரும்போது காற்று என்றால் அமுங்கும். தண்ணீர் அமுங்காது. அப்போது வளைவது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ரொட்தான். தண்ணீரில் மெதுவாகப் போகும்போது எஞ்சின் தானாக நின்றுவிட்டால் பெரும்பாலும் அந்த நேரத்தில் ஒன்றும் உடைவதில்லை. அதன் பிறகு திருப்பும் சாவிதான் எஞ்சினைக் கொல்கிறது.

இந்தப் பழக்கம் எங்களிடம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலத்தில் வேலை பழகியவன் நான். பழைய ஒஸ்ரின் ஏ-40 காரின் கார்பரேட்டருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு, பிடிக்கும் வரைக்கும் திருப்பத் திருப்பத்தான் அது உயிர்க்கும். அன்று அது கெட்டித்தனம். தண்ணீருக்குள் நின்ற காருக்கு அது செய்யக்கூடாத வேலை.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது இதுதான். ஸ்டார்ட் பண்ணச் சாவியை இனித் திருப்பாதீர்கள். நாலு பேரைப் பிடித்து, கியரை நியூட்ரலில் போட்டு, மேட்டுக்குத் தள்ளுங்கள். மெக்கானிக் வந்ததும் முதலில் காற்று வடியை (எயர் பில்ற்றர்) கழற்றச் சொல்லுங்கள். அதிலுள்ள கடதாசி நனைந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் எஞ்சினைச் சுற்ற வேண்டும். அப்போது பிளக் ஓட்டைகளால் தண்ணீர் பீச்சியடிக்கும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். பிறகு எண்ணெய்க் கம்பியை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் அதை மாற்றாமல் எஞ்சினை ஓடவே விடக்கூடாது. உங்கள் காரில் 'டக்' சத்தம் வந்துவிட்டதால், பிளக் கழற்றிய பிறகும் எஞ்சின் சீராகச் சுற்றாவிட்டால் திறந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை.

லொறி தாண்டியது உங்களுக்குக் கணக்கில்லை. அதன் எஞ்சின் காற்று எடுக்கும் இடம் உங்கள் காரைவிட எவ்வளவோ உயரத்தில் இருக்கிறது. அத்தோடு லொறி கிளப்பிவிடும் அலையும் உங்கள் பொனற்றுக்குள் வரும். ஓடாமல் நிற்கும் வெள்ளம் சில்லின் நடுவை எட்டினால் திரும்பிவிடுங்கள். ஓடும் தண்ணீர் என்றால் ஓரடி ஆழமே சின்னக் காரை மிதக்க வைத்துவிடும். எங்கள் ஊர் தட்டை நிலம், தண்ணீர் வடிய நேரமெடுக்கும். கலங்கல் தண்ணீருக்குக் கீழே கான் எங்கே தொடங்குகிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

காரை நகர்த்துவதற்கு முன், தண்ணீர் எதுவரை நின்றது என்று தெரியும்படி படம் எடுத்து, இன்சூரன்ஸ் அட்டையில் உள்ள எண்ணுக்கு அழையுங்கள். உங்கள் ஒப்பந்தத்தில் வெள்ளச் சேதம் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். 'புல் இன்சூரன்ஸ்' என்ற பெயரை மட்டும் நம்ப வேண்டாம்.

இரவு நிறுத்திய ரொயோற்றா ஆக்வா ஹைப்ரிட் காருக்குக் காலையில் உயிரே இல்லை. கதவுகூட ரிமோட்டில் திறக்கவில்லை. ஹைப்ரிட் பற்றரி போய்விட்டதா? (கோண்டாவில்)

பயப்படாதீர்கள் அக்கா. பெரும்பாலும் இறங்கியிருப்பது பின் சீற்றுக்குக் கீழே இருக்கும் சின்ன 12 வோல்ட் பற்றரிதான். ரிமோட்டின் உள்ளே ஒரு சாவி ஒளிந்திருக்கிறது. அதை இழுத்தெடுத்துக் கதவைத் திறக்கலாம்.

பெற்றோலிலும் மின்சாரத்திலும் ஓடும் ஹைப்ரிட் காரில் அந்தச் சின்னப் பற்றரி எஞ்சினைச் சுற்றுவதில்லை. கணினிகளை எழுப்பிவிடுவது மட்டுமே அதன் வேலை. ஆகவே கொஞ்ச மின்சாரம் கொடுத்தாலே போதும். பொனற்றுக்குள் பியூஸ் பெட்டியில் சிவப்பு மூடியின் கீழ் அதற்கான முனை உண்டு. சிவப்பு வயரை முதலில் உங்கள் முனையிலும் பிறகு மற்றக் காரின் பிளஸ்ஸிலும் மாட்டுங்கள். கறுப்பு வயரை மற்றக் காரின் மைனஸில் தொடங்கி, உங்கள் எஞ்சினின் பூச்சில்லாத இரும்பில் முடியுங்கள். பிளஸ், மைனஸ் மாறினால் கருகுவது விலை கூடிய சாமான். உதவிக்கு வரும் வாகனம் சாதாரணக் காராக இருக்கட்டும். லொறியிலும் பஸ்ஸிலும் இருப்பது 24 வோல்ட். வீதியில் ஆர் நிறுத்தினாலும் அதிலிருந்து வயர் எடுக்காதீர்கள்.

மீற்றர் வைத்துப் பார்த்தால் நல்ல பற்றரி காலையில் 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.2 என்றால் அரைவாசி இறங்கிவிட்டது. எங்கள் வெயில்தான் பற்றரியை உள்ளுக்குள் அரிக்கிறது. வைப்பரும் லைற்றும் சேர்ந்து ஓடும் மாரியில்தான் அது வெளியே தெரிகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஹைப்ரிட் காருக்குள் சீற் உயரத்துக்குத் தண்ணீர் வந்திருந்தால் ஒன்றையும் தொடாதீர்கள். செம்மஞ்சள் நிற வயர்களில் ஓடுவது நூறு வோல்ட்டைத் தாண்டிய மின்சாரம்.

பற்றரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது. (காரைநகர்)

கடற்காற்றில் அது கெதியாகவே பூக்கும். மைனஸை முதலில் கழற்றுங்கள். அப்பச்சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்து, பழைய பல்துலக்கியால் தேயுங்கள். நுரைத்து அடங்கியதும் கழுவித் துடைத்து, பிளஸை முதலில் பூட்டி மேலே கொஞ்சம் வாசலின் பூசிவிடுங்கள்.

கொழும்பிலிருந்து குடும்பத்தோடு வரும்போது இரவு ஒரு மணிக்கு ஏ-9 வீதியில் பெல்ற் அறுந்து நின்றோம். சரியான மழை. பிள்ளைகளைக் காருக்குள்ளேயே வைத்திருந்தோம். செய்தது சரியா? (மானிப்பாய்)

கார் வீதியை விட்டு முழுதாக இறங்கி நின்றிருந்தால் சரி. ஒரு சில்லாவது தாரில் இருந்திருந்தால் பிழை. அந்த நேரத்தில் இரவு பஸ்களும் லொறிகளும் வரும் வேகம் உங்களுக்குத் தெரியும். மழைக்குள் அவர்களுக்கு உங்கள் கார் கடைசி நிமிடத்தில்தான் தெரியும். நனைந்தால் காய்ச்சல் வரும், அதற்கு மருந்து இருக்கிறது. எல்லோரையும் இடது பக்கக் கதவால் இறக்கி, வீதியை விட்டுத் தள்ளி, காருக்கு முன்னாலோ பின்னாலோ அல்லாமல் ஒரு பக்கமாக நிறுத்துங்கள்.

நான்கு சிக்னலையும் போட்டுவிடுங்கள். முக்கோணப் பலகையை ஐம்பது மீற்றராவது பின்னால் வையுங்கள். அது இல்லாவிட்டால் எங்கள் சனம் செய்வதுபோல இலையோடு ஒரு கொப்பு முறித்துப் போடலாம். ஆனால் கார் புறப்படும்போது அதை எடுத்து எறிந்துவிட்டுப் போங்கள். பல பேர் மறந்துபோவது இதைத்தான். பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரனுக்கு அந்தக் கொப்பே எமன்.

எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்லத் தெரியாமல்தான் உதவி பிந்துகிறது. 'மாங்குளம் தாண்டி ஒரு காட்டுக்குள்ளை' என்றால் யாருக்கும் விளங்காது. வீதியோரக் கிலோமீற்றர் கல்லைப் பாருங்கள். ஏ-9 இல் அந்த எண் கண்டியிலிருந்து கணக்கு. கல்லின் எண்ணையும், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்பதையும் சொன்னால் போதும். இன்சூரன்ஸ் எண்ணுக்கு முதலில் அழையுங்கள், பல ஒப்பந்தங்களில் வீதி உதவியும் சேர்ந்தே வருகிறது. ஆபத்தென்றால் பொலிஸ் 119, காயமென்றால் அம்புலன்ஸ் 1990.

பெல்ற் அறுந்தபின் 'கொஞ்சத் தூரம்தானே' என்று ஓட்டாதீர்கள். பல கார்களில் தண்ணீர்ப் பம்பும் அதே பெல்ற்றில்தான் ஓடுகிறது. சில நிமிடங்களில் எஞ்சின் கொதித்துவிடும். மழையில் கீச்சிட்ட பெல்ற் உங்களுக்கு முதலே சொல்லியிருக்கும்.

வல்லை வெளியில் மழைக்குள் முன் கண்ணாடி உள்ளே புகார் பிடித்து ஒன்றும் தெரிவதில்லை. (கரவெட்டி)

ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று வரும்படி வையுங்கள் ரீச்சர். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துவிடும். கையால் துடைத்தால் எண்ணெய்ப் படலம் ஒட்டி இன்னும் மோசமாகும். அந்த வெளியில் வாடைக்காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளும், தாரில் மாடுகளும் படுத்திருக்கும். நாற்பதுக்கு மேல் போகாதீர்கள்.

மகன் ரொறன்ரோவில். பனிக்குள் கார் நின்றால் என்ன செய்வது என்று அவனுக்கு எழுதுங்கள். இந்த மாரி அவனுக்கு முதல் குளிர்காலம். (சாவகச்சேரி)

அம்மா, என்னிடம் வேலை பழகிய பொடியன் ஒருவன் அங்கே கராஜ் வைத்திருக்கிறான். அவனோடு பேசிவிட்டே எழுதுகிறேன்.

பனிப்புயலில் அகப்பட்டால் காரை விட்டு நடக்கத் தொடங்கக்கூடாது. உள்ளேயே இருக்கச் சொல்லுங்கள். சூட்டுக்காக எஞ்சினைப் போடுவதற்கு முன் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியைக் கையால் தோண்டி எடுக்க வேண்டும். குழாய் அடைபட்டால் காபன் மொனொக்சைட் காருக்குள் வரும். அதற்கு மணமில்லை, நித்திரையிலேயே கொண்டுபோய்விடும். மணிக்குப் பத்து நிமிடம் அளவில் எஞ்சினை ஓட்டி, ஒரு ஜன்னலைச் சிறிது திறந்து வைத்தால் போதும். காருக்குள் எப்போதும் ஒரு கம்பளி, சின்ன மண்வெட்டி, சார்ஜ் உள்ள போன் இருக்கட்டும்.

கடுங்குளிரில் பற்றரியின் வலு பாதிக்குக் குறைந்துவிடும். பழைய பற்றரியோடு குளிர்காலத்துக்குள் போக வேண்டாம். ஒன்ராறியோவில் பனி ரயர் கட்டாயமில்லை, ஆனால் போட்டால் இன்சூரன்ஸ் குறையும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். சிஏஏ என்ற கனடிய வாகனச் சங்கத்தில் அங்கத்துவம் எடுத்தால் அழைத்ததும் இழுவை வண்டி வரும். ஆபத்தென்றால் 911.

நின்ற ஓட்டோமற்றிக் காரைக் கயிறு கட்டி இழுக்கலாமா? (கொடிகாமம்)

முன் சில்லுகள் தரையில் உருள இழுத்தால் கியர்ப் பெட்டி எரிந்துவிடும். ஹைப்ரிட் என்றால் மோட்டாரே மின்சாரம் பிறப்பிக்கத் தொடங்கும். தண்ணீருக்குள்ளிருந்து மேட்டுக்கு நாலு முழம் தள்ளுவது பரவாயில்லை. அதற்கு மேலே என்றால் காரியர் லொறியில் ஏற்றுங்கள். ஏற்ற முன்னரே கூலியைப் பேசி, எந்தக் கராஜுக்கு என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.