மறுமுனையில் ஒரு ஆள்

அன்புள்ள ஐயா,

பரணில் கிடந்த 1990-களின் பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ‘தகவல் நெடுஞ்சாலை (இணையம்தான்) வரப்போகிறது, வேலை, வைத்தியம், படிப்பு எல்லாம் சொந்த ஊரிலேயே கிடைக்கும், நகரங்கள் காலியாகும்’ என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு இப்போது ஃபைபர் இணைய இணைப்பு வந்துவிட்டது. ஆனாலும் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும்தான் பஸ் ஏறுகிறார்கள். அந்தக் கணிப்பெல்லாம் வெறும் கதைதானா?

ஒரு வாசகர், மேலூர்

அன்புள்ள நண்பருக்கு,

கதை என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை. அதற்குக் காரணமே உங்கள் மேலூர்தான்.

நகரம் தேவைப்படாது என்பது இன்னும் பழைய பேச்சு. இன்னும் 50 ஆண்டில் தாஹிதியிலோ பாலியிலோ இருந்துகொண்டே லண்டன் வேலையைப் பார்க்கலாம் என்று 1964-லேயே அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் பி.பி.சி. தொலைக்காட்சியில் சொன்னார். வேலை விஷயத்தில் அவர் சொன்னது நடந்தது, நகரம் விஷயத்தில் நடக்கவில்லை. சரி, அது போகட்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது 1968-ல் அமெரிக்கக் கணினி ஆய்வாளர்கள் லிக்லைடரும் ராபர்ட் டெய்லரும் எழுதிய கட்டுரை. இணையத்துக்கு முன்னோடியான அர்பாநெட் ஓடத் தொடங்குவதற்கு முந்தின வருடம் அது. பக்கத்து வீடு என்பதால் அமையும் பழக்கத்தைவிட, ஒத்த ஆர்வத்தால் அமையும் பழக்கம் வலுப்படும், மனிதர்கள் கூடுதல் சந்தோஷமாக இருப்பார்கள் என்று நம்பி எழுதினார்கள். கூடவே ஒரு கேள்வியும் கேட்டார்கள்: இணைப்பு என்பது சலுகையா, உரிமையா? சிலருக்கு மட்டும் கிடைத்தால் ஏற்றத்தாழ்வு இன்னும் பெருகுமே என்றார்கள். ஊர்கள் காலியாகுமா என்பதைவிட இது எவ்வளவு பெரிய கேள்வி!

அந்தக் கேள்வியை உங்கள் தாலுகா கிராமங்களில் 2001-லிருந்து சோதித்துப் பார்த்தார்கள். கிராமங்களுக்கு இணையத்தைக் கொண்டுபோன அந்தத் திட்டத்துக்குச் சாரி என்று பெயர். சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லா இணைப்புதான் கியோஸ்க் எனப்பட்ட கிராமத்துச் சிறு இணைய மையங்களுக்குப் போனது. வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். இன்றைய ஃபைபர் அதைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல்.

அப்படி ஒரு கியோஸ்க்கில் ஒரு மத்தியானம் உட்கார்ந்திருந்தேன். எழுபது வயது அப்பத்தா ஒருவர் ஸ்டூலில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். கியோஸ்க் நடத்திய பெண் ஒரு கையால் அவர் இமையை விலக்கி, மறுகையில் வெப் கேமராவைப் பிடித்தாள். மூன்று தடவை மங்கல். ஜன்னல் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னதும் நாலாவது படம் தெளிவாக வந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினாள். படம் போய்ச் சேரும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை. புரை என்று பதில் வந்ததும் அப்பத்தா கம்ப்யூட்டரைப் பார்த்துக் கும்பிட்டார்.

அதே கியோஸ்க்குகளில் சான்றிதழுக்கும் முதியோர் ஓய்வூதியத்துக்கும் விண்ணப்பம் அனுப்பலாம். ஒரு நாள் கூலி மிச்சம். ஆனால் அரசு அலுவலகப் பக்கம் அக்கறையாக இருந்த அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும் அந்தச் சேவை நின்றுபோனது. கம்பியில்லா இணைப்பு அப்போதும் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. கியோஸ்க்குகளும் பிற்பாடு ஒவ்வொன்றாக மூடப்பட்டன. எனக்கு இன்னமும் ஆறாத வருத்தம் அது.

ஆனால் கண் பார்க்கிற வேலை நிற்கவில்லை. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் தூரத்து வை-ஃபை இணைப்பு அமைத்துக் கொடுக்க, அரவிந்தின் தேனி மருத்துவமனை சுற்றுவட்டாரத்தில் கண் சோதிக்கும் சிறு பார்வை மையங்களோடு வீடியோவில் இணைந்தது. மையத்தில் பயிற்சி பெற்ற பெண் கண்ணைச் சோதிப்பார், டாக்டர் தேனி மருத்துவமனையில் இருந்தபடியே நோயாளியிடம் பேசுவார். டாக்டர் அந்த நேரத்துக்கு அங்கே உட்கார வேண்டும் என்பது அவர்களுக்கு அன்றாட வேலை. கணித்தவர்கள் எல்லோரும் வேகத்தைப் பற்றி யோசித்தார்கள். மறுமுனையில் உட்கார்ந்து பதில் சொல்கிறவரைப் பற்றிப் போதுமான அளவு யோசிக்கவில்லை என்பதுதான் என் எண்ணம்.

உங்கள் தெரு ஃபைபரில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற பிள்ளைகளும் சிலர் இருப்பார்கள், விசாரியுங்கள். அப்புறம், ஓய்வூதியத்துக்காக இன்னும் பஸ் ஏறுகிற கிழவிகள் எத்தனை பேர் என்பதையும் கேட்டு எனக்கு எழுதுங்கள்.